'மோதல்' என்ற ஒரு சொல்: வெண்மணியிலிருந்து நம் செய்தி வகுப்பு வரை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று கீழவெண்மணிக்குப் போய் வருகிறோம். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் செய்தி வகுப்பு மாணவர்களையும் அழைத்துப் போகிறோம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் சேரிகளிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, செய்தி எழுதப் பழகுகிறோம். பெரும்பாலானோர் வீட்டுக்குச் சொந்த நிலம் கிடையாது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பா திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பவர்.

சென்ற முறை நினைவிடத்திலிருந்து திரும்பும்போது ஒரு மாணவி கேட்டார்: "அக்கா, நாங்க செய்தி எழுதி எங்க மேல கேசு போட்டா, யாரு ஜாமீன் எடுப்பா?"

பேருந்தில் யாரும் பேசவில்லை. நியாயமான கேள்வி. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு வெளியிட்ட 2025ஆம் ஆண்டுப் பட்டியலில், 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151ஆவது இடம். இப்படிப்பட்ட காலத்தில், நிலமற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுப்பது சரியா? பத்திரிகைச் சுதந்திரம் திரும்பி வரும்வரை பொறுத்திருக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றின் வழியாகவே பதில் தேட முடியும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் 'திரும்பி வரும்' என்று சொல்லும்போதே, முன்பு ஒரு காலத்தில் அந்தச் சுதந்திரம் நமக்கும் இருந்தது என்று ஆகிவிடுகிறது. இருந்ததா?

1968: நெருப்பை என்னவென்று எழுதினார்கள்?

வெண்மணியின் கதை தெரியாதவர்கள் நம் வாசகர்களில் குறைவு. ஆனாலும் செய்தி எழுதுகிறவரின் கண்ணோடு அதை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்பதை நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சவுக்கடி, சாணிப்பால் என்ற இரண்டு சொற்கள் போதும். 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கப்பட்டது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிகளிலேயே தங்கி அமைப்பு கட்டினார்கள். 1944இல் களப்பால், மன்னார்குடி ஒப்பந்தங்கள் வந்தன. 1952இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1960களின் தொடக்கத்தில், தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்றானது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. உரம் வந்தது, விளைச்சல் கூடியது. களத்தில் நெல் கூடியபோது, அறுத்துப் போட்டவர்கள் தங்கள் பங்கையும் கூட்டிக் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்றுதான் இன்றும் கீழத்தஞ்சையில் சொல்கிறார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றைக் கட்டினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தோடு வாருங்கள் என்று நெருக்கினார்கள். வெண்மணி மக்கள் கொடியை இறக்கவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. உள்ளே இருந்த 44 பேர் கருகிச் செத்தார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் செய்தி வந்தது. வராமல் இல்லை. ஆனால் அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'மோதல்'. விவசாயிகளுக்கு இடையே மோதல், கிசான் மோதல் என்ற பாணியில்தான் இந்தப் படுகொலை தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் அறிமுகமானது.

எங்கள் வகுப்பின் முதல் பாடம் இந்தச் சொல்தான். மோதல் என்றால் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமம் என்று பொருள் தொனிக்கிறது. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள், அதில் சிலர் செத்தார்கள் என்று ஆகிவிடுகிறது. பூட்டிய குடிசைக்குள் குழந்தைகள் யாரோடு மோதினார்கள்? செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தது எப்படி? யார் தீ வைத்தார்கள் என்ற கேள்வியையே கேட்கவிடாமல் செய்யும் வேலையை அந்த ஒரு சொல் செய்து முடித்துவிட்டது.

அப்போது நெருக்கடி நிலை இல்லை. தணிக்கை அதிகாரி இல்லை. அந்தச் சொல்லை எழுது என்று எந்த அரசாணையும் வற்புறுத்தவில்லை. சட்டப்படி பத்திரிகைகள் சுதந்திரமாகத்தான் இருந்தன. சுதந்திரமான பத்திரிகைகள்தாம் படுகொலையை மோதல் என்று எழுதின.

அதே இரவில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார் என்பதை மாணவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறோம். அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். நமக்குச் சங்கடமான தகவலை விட்டுவிட்டு எழுதினால், அடுத்தவர் விட்டதைக் கேட்கும் தகுதி நமக்கு இல்லாமல் போகும். அந்தத் தகவலைச் சேர்த்து எழுதினாலும், ஒருவரின் கொலையும் பூட்டிய குடிசையில் நடந்த எரிப்பும் சேர்ந்து 'மோதல்' ஆகிவிடாது. அவற்றை இரண்டு குற்றங்களாகப் பிரித்து எழுதத் தெரிவதுதான் செய்தியாளரின் வேலை.

42ஆ, 44ஆ?

இரண்டாம் பாடம் எண். அன்றைய செய்திகளும் வழக்கு ஆவணங்களும் 42 என்றன. மக்களின் கணக்கும் நினைவிடத்தின் கணக்கும் 44. கருகி ஒட்டிக்கிடந்த உடல்களை எண்ணியதில் வந்த வித்தியாசம் இது என்று கடந்து போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் பெயர் இருந்தது. வீட்டில் யார் குறைகிறார்கள் என்று சேரியில் போய்க் கேட்டால்தான் 44 வரும். காவல் நிலையத்தில் மட்டும் கேட்டால் 42 வரும்.

செய்தி எங்கிருந்து சேகரிக்கப்படுகிறது என்பதே செய்தியைத் தீர்மானிக்கிறது. இன்றும் வட்டார அளவில் ஒரு சம்பவம் நடந்தால், பல நிருபர்கள் முதலில் பேசுவது காவல் நிலையத்தோடுதான். அங்கே சொல்லப்படும் 'இரு தரப்பினரிடையே தகராறு' என்ற வரி அப்படியே அச்சுக்குப் போகிறது. சேரிக்குள் வந்து, எரிந்த ஓலையைத் தொட்டுப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு.

அப்படி வந்து எழுதியவர்களும் இருந்தார்கள். மைதிலி சிவராமன் வெண்மணிக்கு நேரில் சென்று மக்களிடம் பேசினார். கூலி எவ்வளவு, சங்கம் எப்படி உருவானது, மிராசுதார்கள் என்ன மிரட்டினார்கள் என்பதையெல்லாம் பதிவு செய்தார்.

வழக்கின் போக்கையும் பாருங்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டுத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரும் நிலமுடையவர்கள், அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விடுத்துத் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. இந்தத் தீர்ப்பை இன்று நாம் வரிவரியாக நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், அதற்கு ஒரு காரணம் மைதிலி அதை அதே 1973ஆம் ஆண்டு 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் எடுத்து எழுதியதுதான். நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு வரலாற்றில் தோற்கவில்லை. எழுதி வைத்தவர்கள் இருந்ததால் தோற்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மைதிலி படித்தவர், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். வெண்மணியில் பிறந்த ஒருவர் 1968இல் தன் தெருவின் கதையை ஒரு நாளிதழில் எழுதியிருக்க முடியுமா? நெருப்பைப் பார்த்தவர்களின் கையில் பேனா இல்லை. பேனா வைத்திருந்தவர்களில் மிகச் சிலரே நெருப்பைப் பார்க்க வந்தார்கள். நமக்குப் பத்திரிகைச் சுதந்திரம் என்பது இந்த இடைவெளியை அடைப்பதும் சேர்ந்ததுதான்.

அபராதத்தோடு தொடங்கிய இதழியல்

தலித்துகள் எழுதவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இதழியல் படிக்கிற மாணவர்களுக்குப் பாரதியின் 'இந்தியா' இதழும், அது 1908இல் ஆங்கிலேய அரசின் நெருக்கடியால் புதுச்சேரிக்குப் போனதும் பாடமாகச் சொல்லப்படுகின்றன. சொல்லப்பட வேண்டியவைதாம். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் போட்டார். 1896இல் அந்த இதழின் மீது வழக்கு வந்தது. ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்தை வெளியிட்டதைக் காரணமாகக் காட்டினார்கள். 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல. இதழ் நிற்கவில்லை. 1900 வரை வந்தது.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம். விலையையே பெயராக்கியதில் ஒரு செய்தி இருக்கிறது: யார் கையில் இது போய்ச் சேர வேண்டும் என்பது. ஓராண்டில் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914இல் அவர் மறையும் வரை அவரே நடத்தினார். கோலார் தங்கவயலுக்கும் பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலியாகப் போன நம் மக்களிடம் அந்த இதழ் போய்ச் சேர்ந்தது. பின்னர் 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார். பாரதியும் பண்டிதரும் ஒரே காலத்தில் ஒரே சென்னையில் இதழ் நடத்தியவர்கள். நம் பாடத்திட்டங்களில் ஒருவர் மட்டுமே நீண்ட காலம் இருந்தார்.

மராத்தியில் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கியபோது, அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்தும் திலகரின் 'கேசரி' வெளியிட மறுத்தது. தேசத்துரோக வழக்கில் சிறை சென்ற திலகரின் பத்திரிகை அது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் போராடியவர்களும் நம் வாசலில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இதை வெறுப்போடு சொல்லவில்லை. நமக்கு வரும் தடை இரண்டு திசைகளிலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். ஒன்று அரசின் தடை. இன்னொன்று செய்தி அறையின் தடை.

செய்தி அறையின் தடை இன்னும் விலகவில்லை. 1996இல், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் கறுப்பினச் செய்தியாளர் கென்னத் கூப்பர், தான் பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளர் கிடைப்பாரா என்று டெல்லியில் மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலில் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் 'பயனியர்' நாளிதழில் எழுதினார். 23 ஆண்டுகள் கழித்து, 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஓர் ஆய்வு வெளியிட்டன. செய்தி நிறுவனங்களில் 121 தலைமைப் பொறுப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 106 இடங்களில் ஆதிக்கச் சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

தணிக்கைக்குள் எழுதிய விதம்

இனி அரசின் தடைக்கு வருவோம். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கைதுகளும் தணிக்கையும் இங்கே முழு வேகத்தில் இறங்கின. யார் யார் கைதானார்கள் என்று வெளியிட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைய 'முரசொலி', அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. கைதானவர்களின் பட்டியல்தான் அது. தணிக்கை செய்தவர்களுக்குப் புரியவில்லை. வாசித்தவர்களுக்குப் புரிந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். பிறகு கேட்கிறோம்: அந்தத் தந்திரம் ஏன் வேலை செய்தது? ஒரு கட்சியும் அதன் நாளிதழும் அதை எடுத்துச் செல்லும் லட்சக்கணக்கான தொண்டர்களும் இருந்ததால். தஞ்சையில் ஒரு பண்ணையில் கூலி கேட்டுக் கைதானவரின் பெயர் எந்தப் பட்டியலில் வந்தது?

அதன் பிறகும் வந்த நெருக்கடிகளை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் இரண்டே நாளில் விடுவித்தார்கள். அவர் நீதிமன்றம் போய், கைது தவறு என்று தீர்ப்பு வாங்கி, 1000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். 2003இல் 'தி இந்து' இதழின் ஆசிரியர்களுக்கும் 'முரசொலி' ஆசிரியர் செல்வத்துக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது நாடே பேசியது. 2018 அக்டோபர் 9 அன்று 'நக்கீரன்' கோபால் கைதானபோது, 'இந்து' என். ராம் நீதிமன்றத்துக்கே வந்து பத்திரிகையாளர்கள் சார்பில் பேசினார். நீதிபதி சிறைக்கு அனுப்ப மறுத்தார். மூன்றிலும் நியாயம் பத்திரிகையாளர் பக்கம். மூன்றிலும் அவர்களுக்குப் பின்னால் நிறுவனமும் வழக்கறிஞர்களும் சக பத்திரிகையாளர்களும் இருந்தார்கள்.

ஓர் இதழியல் மாணவியின் 2017

இப்போது நம் டெல்டாவுக்குத் திரும்புவோம். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டது. வயலில் எண்ணெய் பரவியது. மக்கள் போராடினார்கள். தடியடி நடந்தது. பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள்.

இரண்டு வாரத்துக்குள், கதிராமங்கலத்திலிருந்து வெகு தொலைவில், சேலத்தில், கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களை ஆதரித்துத் துண்டறிக்கை கொடுத்த வளர்மதி கைதானார். அவர் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை இதழியல் மாணவி. அரசு மகளிர் கல்லூரி வாசலில் நின்று தாளை நீட்டியதுதான் அவர் செய்தது. ஐந்தாறு நாளில் அவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. 1982இல் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தின்படி விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் சிறையில் கழிந்தது.

இதழியல் மாணவி ஒருவர், காவிரிப் படுகையின் செய்தியை ஒரு தாளில் அச்சிட்டுச் சக மாணவிகளிடம் கொடுத்ததற்கு அரசு கொடுத்த பெயர் குண்டர். 1968இல் படுகொலை 'மோதல்' ஆனது. 2017இல் துண்டறிக்கை 'குண்டர்' செயல் ஆனது. இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது தவறான பெயர் சூட்டுவதுதான்.

வட இந்தியாவிலும் இதுவே நடந்தது. 2020இல் உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு தலித் பெண்ணுக்கு நடந்த கொடுமையைச் செய்தியாக்கப் போன கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன், அக்டோபர் 5 அன்று வழியிலேயே கைது செய்யப்பட்டார். ஊபா சட்டம் போடப்பட்டது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். அவர் எழுதப் போன செய்தி நம் செய்தி. பத்திரிகைச் சுதந்திரம் பத்திரிகையாளர்களின் சிக்கல் மட்டும்தான் என்று நினைக்கும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். செய்தியாளரைப் பாதி வழியில் பிடித்துவிட்டால், ஹாத்ரஸும் ஒரு 'மோதல்' ஆகிவிடும்.

ஓர் அம்மாவின் கேள்வி

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு மாணவர், தன் ஊரில் பொதுப் பாதை மறிக்கப்பட்டதைப் பற்றி நன்றாக எழுதியிருந்தார். அளவு, தேதி, மனு எண் எல்லாம் சரியாக இருந்தன. வெளியிடலாம் என்று நாங்கள் உற்சாகமாக இருந்தபோது அவருடைய அம்மா வந்தார். கோபப்படவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க பாட்டுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு அந்த வூட்டு வயலுக்குத்தானே நான் நடவுக்குப் போவணும்?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தச் செய்தியை அவர் பெயரில் வெளியிடவில்லை. சமூகவியல் படித்தபோது ஆதிக்கம் குறித்து நிறையப் பக்கங்கள் வாசித்தோம். இந்த ஒரு வரி அவற்றில் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் வருவதற்கு முன்பே, ஊபா வருவதற்கு முன்பே, டெல்டாவில் எழுத்தைத் தணிக்கை செய்து வந்தது நிலம். இன்றும் அதுதான் முதல் தணிக்கை அதிகாரி.

அந்த நாளுக்குப் பிறகு வகுப்பை மாற்றினோம். சொந்த ஊர்ச் செய்தியை அந்த ஊர் மாணவர் தனியாக எழுதுவதில்லை. பக்கத்து வட்டத்து மாணவர் போய்க் கேட்கிறார், ஊர் மாணவர் சரிபார்க்கிறார். பெயர் போட வேண்டுமா என்பதை வீட்டாரோடு பேசிய பிறகே முடிவு செய்கிறோம். பல செய்திகள் குழுவின் பெயரில் வருகின்றன. இந்தக் கட்டுரை 'நாங்கள்' என்று எழுதப்படுவதற்கும் அதுவே காரணம். செய்தி வெளிவருவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞர் அதைப் படிக்கிறார். எழுதியவர் கைப்பேசியில் அவர் எண் இருக்கிறது. பேருந்தில் கேட்ட மாணவிக்கு எங்களால் கொடுக்க முடிந்த பதில் இவ்வளவுதான். முழுப் பாதுகாப்பு என்று பொய் சொல்ல மாட்டோம்.

என்ன கற்றுக்கொடுக்கிறோம்?

கோபத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆவணத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம். அதே நாளில் பாதிக்கப்பட்டவர் மீதே எதிர்வழக்கு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். 'இரு தரப்பு மோதல்' பெரும்பாலும் அந்த எதிர்வழக்கில்தான் பிறக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பழகுகிறோம். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமைச் சட்டத்தையும் திருத்தியிருக்கிறது என்பதையும், தனிநபர் தகவல் என்ற காரணம் காட்டிப் பயனாளிகள் பட்டியலை மறுப்பது இனி எளிதாகும் என்பதையும் சொல்கிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்பதைச் சட்டமாக மட்டுமின்றி மரியாதையாகவும் சொல்கிறோம். எதிர்த்தரப்பையும் கேட்டு எழுதச் சொல்கிறோம். "அவங்க கிட்டப் போய் எதுக்குக்கா கேக்கணும்?" என்று பிள்ளைகள் முறைக்கிறார்கள். கேட்டு எழுதிய செய்தியை மறுப்பது கடினம். கேட்காமல் எழுதிய செய்தியை ஒரே அறிக்கையில் கவிழ்த்துவிடுவார்கள்.

2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை தொடங்கியபோது, அதை நடத்திய கிராமத்துப் பெண்களில் பலர் தலித்துகள், அண்மையில்தான் எழுத்தறிவு பெற்றவர்கள். தண்ணீர், சாலை, மருத்துவமனை, வன்முறை என்று தங்கள் ஊரையே எழுதினார்கள். இன்று அது கைப்பேசியில் காணொளியாகப் போகிறது. அவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அவர்களும் சுதந்திரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

தோழர்களே, சீனிவாசன் அபராதம் கட்டியபோது இங்கே பத்திரிகைச் சுதந்திரம் இல்லை. பண்டிதர் ஒரு பைசாவுக்கு இதழ் விற்றபோதும் இல்லை. அம்பேத்கரின் விளம்பரம் திருப்பி அனுப்பப்பட்டபோதும் நமக்கு அது இல்லை. வெண்மணி எரிந்தபோது சட்டத்தில் இருந்தது, நம் தெருவுக்கு வரவில்லை. ஆகவே சுதந்திரம் வந்த பிறகு எழுதலாம் என்பது நம் வரலாற்றில் எப்போதும் நடந்ததில்லை. எழுதி எழுதித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அது வந்திருக்கிறது.

பாதை மறிக்கப்பட்ட அந்த ஊர்ச் செய்தி பின்னர் குழுவின் பெயரில் வந்தது. பாதை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அந்த அம்மா இப்போதும் நடவுக்குப் போகிறார். மகன் இப்போதும் வகுப்புக்கு வருகிறார். சென்ற மாதம் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பக்கத்து ஊர்ச் சம்பவம் ஒன்று நான்கு வரியில் வந்திருந்தது. 'இரு தரப்பினர் மோதல்' என்ற சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"அக்கா, இந்த ஊருக்கு யார் போறது?" என்று கேட்டார்.

மூன்று பேர் கை தூக்கினார்கள்.